சம்பந்தி வீட்டுப் பாட்டு

‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ என்ற இந்திப் படம் 1994ஆம் வருஷம் வெளிவந்தது. அதில் 14 பாட்டு. பதினாலும் எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையைப் பாதி படிப்பதற்குள் ‘ஓகோ, இவர் இந்தி எதிர்ப்புக்காரர்’ என்று ஒரு கட்சியும், ‘பாவம், பழம் பஞ்சாங்கம்’ என்று இன்னொரு கட்சியும் என்னைத் தூக்கித் தங்கள் தங்கள் பரணில் போட்டுவிடும். இரண்டு பரணிலும் ஏறுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

என் சண்டை தஞ்சாவூர் ஜில்லாவோடு. பழைய ஜில்லாவைச் சொல்கிறேன். இப்போது அது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நாலு கலெக்டர்களிடம் இருக்கிறது. எத்தனை கலெக்டர் இருந்தால் என்ன, கல்யாண வீடு ஒரே மாதிரிதான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும், வாசலில் வாழை மரம், உள்ளே இந்திப் பாட்டு.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பம்பாய் ராஜ்ஸ்ரீ கம்பெனி, சூரஜ் பர்ஜாத்யா என்ற இளைஞரை டைரக்டராக வைத்து எடுத்தது. இதே கம்பெனி 1982இல் ‘நதியா கே பார்’ என்று ஒரு படம் எடுத்திருந்தது. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தில் நடக்கிற கதை, ரவீந்திர ஜெயின் சங்கீதம். அந்தக் கிராமத்துக் கதையைத்தான் எடுத்து, சேற்றைக் கழுவி, பட்டு உடுத்தி, பங்களாவில் குடி வைத்தார்கள். அண்ணன் அக்காளைக் கட்டுகிறான்; தம்பி தங்கையைக் காதலிக்கிறான்; அக்காள் மாடிப்படியில் விழுந்து செத்துப் போகிறாள்; குழந்தைக்காகத் தங்கையை அண்ணனுக்கே கட்டி வைக்கப் பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள்; கடைசியில் ஒரு நாய் காதல் கடிதத்தைக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்துக் காரியத்தைச் சரி பண்ணுகிறது. இதுதான் கதை. இதை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள் என்றால், மீதி நேரம் எல்லாம் நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு என்று பாட்டுத்தான். அந்த வீட்டில் யாரும் வேலைக்குப் போகிற மாதிரித் தெரியவில்லை. வேலைக்காரன்கூடப் பாத்திரம் துலக்குவதைக் காட்டிலும் ஆடுகிற நேரம்தான் அதிகம். நாட்டில் அது சக்கைப்போடு போட்டது. அந்த வருஷத்து ஜனரஞ்சகப் படம் என்று தேசிய விருதும் கொடுத்தார்கள்.

பரிகாசம் போதும். அந்தப் படம் ஒரு பெரிய காரியம் பண்ணியிருக்கிறது. வடக்கே கல்யாண வீட்டில் பெண்கள் எந்தச் சடங்குக்கு என்ன பாடுவார்கள் என்று கணக்கெடுத்த மாதிரி, ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு பாட்டு வைத்தது. நிச்சயத்துக்கு ஒன்று. மாப்பிள்ளையின் செருப்பைக் கொழுந்திகள் ஒளித்து வைத்துப் பணம் கேட்கும் விளையாட்டுக்கு ஒன்று. சம்பந்திகள் ஒருவரையொருவர் கேலி பண்ண ஒன்று. பெண்ணை அனுப்பி வைக்கும்போது அழுவதற்கு ஒன்று. அதைப் பாடியவர் பீகாரின் நாட்டுப்பாடகி சாரதா சின்கா, 2024இல் காலமானார். ராம்லக்ஷ்மண் என்ற பெயரில் சங்கீதம் அமைத்த விஜய் பாட்டீலுக்கு எது எங்கே யார் வாயில் வரவேண்டும் என்று தெரிந்திருந்தது. நம் பக்கத்து எஸ். பி. பாலசுப்பிரமணியம் கதாநாயகனுக்குப் பாடினார். அதற்கு முன்பே 1981இல், நன்னிலத்துப் பக்கம் நல்லமாங்குடியில் பிறந்த பாலசந்தர் எடுத்த ‘ஏக் தூஜே கே லியே’யில் பாடித் தேசிய விருது வாங்கியிருந்தார். ஆக அந்தச் சமையலில் தெற்கத்தி உப்பும் உண்டு.

பட்டணத்துக்குக் குடிவந்து வீட்டுப் பாட்டை மறந்துவிட்ட வடநாட்டு ஜனங்களுக்கு அந்தப் படம், ‘உங்கள் அத்தையும் பாட்டியும் இப்படித்தானே பாடினார்கள்’ என்று ஞாபகப்படுத்தியது. அதே படம் நமக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘உங்கள் அத்தை என்ன பாடினாள், போய்க் கேளுங்கள்’ என்றல்லவா? நாம் கேட்டது அவர்கள் அத்தையை.

செருப்பு விஷயத்தையே எடுத்துக் கொள்வோம். நம் மாப்பிள்ளை மணையில் உட்காருவது வெறுங்காலோடு. காசி யாத்திரை வழக்கம் உள்ள வீடுகளில் ஐந்து நிமிஷம் குடையும் தடியும் புதுச்செருப்புமாக வாசலுக்குப் போய்த் திரும்புவான், அவ்வளவுதான். வெறுங்கால் மாப்பிள்ளையிடம் திருட என்ன இருக்கிறது? அதனால் இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், முதல் நாள் மாலையே அவனுக்கு ஜரிகைச் செருப்பு வாங்கி மாட்டி, பிறகு அதைத் திருடுகிறார்கள். மன்னார்குடிப் பக்கத்தில் இதை என் கண்ணால் பார்த்தேன். திருடிய பெண்ணுக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. கைப்பேசியில் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். படித்தவர், சரித்திரம் தெரிந்தவர். “தஞ்சாவூர் எதைத்தான் வாங்கவில்லை? கலப்பில்தானே நம் சங்கீதமே வளர்ந்தது?” என்பார். வாஸ்தவம். 1676இலிருந்து 1855 வரை மராட்டியர் இங்கே ராஜாக்களாக இருந்தார்கள். அபங்கம் வந்தது, அது நம் பஜனை மடங்களில் குடியேறிற்று. மராத்திக் கீர்த்தனக்காரர்களைக் கேட்டுத்தான் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் கதாகாலட்சேபத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தார். திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் காசியில் சில வருஷம் இருந்தார். வடக்கத்தி ராகத்தை ஒரு கையிலும், வெள்ளைக்காரன் பாண்டு வாத்திய மெட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு சம்ஸ்கிருத சாகித்தியம் பண்ணினார். பிடிலைப் பாருங்கள். தோளில் வைத்து நின்றுகொண்டு வாசித்த வாத்தியம் அது. நாம் அதைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, மார்பில் சாய்த்து, கமகம் பேசக் கற்றுக் கொடுத்தோம். இன்று பிடில் இல்லாமல் கச்சேரி உண்டா?

நண்பர் சொல்கிற ஒவ்வொரு உதாரணமும் என் கட்சிக்குத்தான் சாட்சி. அவர்கள் எல்லாரும் வாங்கியதைத் தங்கள் தொண்டையிலும் விரலிலும் போட்டுப் பார்த்தவர்கள். 1954இல் ‘நாகின்’ என்று ஒரு இந்திப் படம் வந்தது. அந்தப் பாம்பாட்டி மெட்டைக் கல்யாண ஊர்வலத்தில் நம் நாயனக்காரர்கள் வாசித்து, தெருவே மயங்கி நின்றதாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுத்த சங்கீதக்காரர்கள் அதற்கு முகம் சுளித்தார்களாம். நான் சுளிக்க மாட்டேன். வாசித்தவர் மூச்சுப் பிடித்து வாசித்தார், வேர்வை சிந்தினார், தவில்காரர் அதற்கு ஒரு தீர்மானம் கண்டுபிடித்து வைத்தார். அது கொள்முதல். இன்று நடப்பது வாடகை. மண்டபத்தில் யார் பாடுகிறார்கள்? பெட்டி பாடுகிறது. யார் வாசிக்கிறார்கள்? பெட்டி வாசிக்கிறது. மணிக்கணக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, கருப்புப் பெட்டியைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த நாள் காலையில் அந்த வீட்டில் ஒரு ஜீவனுக்காவது அதில் ஒரு அடி வாயில் வருமா?

இனி பெட்டிக்கு இடம் விட்டு ஒதுங்கிய ஆசாமியைப் பற்றி.

கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே நரசிங்கம்பேட்டை என்று ஒரு ஊர். அங்கேதான் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள். பச்சை மரம் உதவாது. வருஷக் கணக்காக உலர்ந்த மரம் வேண்டும். பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால், அங்கே கிடக்கும் உத்தரத்தையும் தூணையும் தேடிக்கொண்டு ஆசாரி போவார். எந்தப் பண்ணையார் வீட்டுக் கூரையையோ தாங்கிக்கொண்டிருந்த கட்டை, கடைசியில் தோடி பேசும். அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைத் திருத்தமாகச் செய்து கொடுத்தார்; அதை வாங்கி வாசித்துத் தேசத்தையே கட்டிப் போட்டவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. சீவாளி செய்கிறவர்கள் திருவாவடுதுறையில் இருக்கிறார்கள், நாணல் ஆற்றங்கரையில் விளைகிறது. ஆக மரம், நாக்கு, மூச்சு மூன்றும் காவேரிக் கரையிலேயே கிடைக்கிற வாத்தியம். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு என்று ஒரு முத்திரையும் கிடைத்தது. முத்திரை குத்திவிட்டோம், கேட்கத்தான் ஆள் இல்லை.

கல்யாணத்தில் நாயனம் அலங்காரத்துக்கு வருவதல்ல. அது வீட்டுக்குக் கடிகாரம். விடியலில் பூபாளம், வெயில் ஏறினால் பிலஹரி, மாலையில் கல்யாணி, ராத்திரி நீலாம்பரி என்று சமையற்கட்டில் இருப்பவளுக்கும் நேரம் சொல்லும். தாலி கட்டுகிற நிமிஷத்தில் கெட்டிமேளம் எழும்பி, தும்மலோ அழுகையோ வேண்டாத பேச்சோ யார் காதிலும் விழாமல் மூடிவிடும். இப்போது அந்த அரை நிமிஷத்துக்கு மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். மீதி நேரம், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜமக்காளம்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஊரும் பெயரும் வேண்டாம். அரசலாற்றங்கரை என்பதோடு விடுகிறேன். நாயனக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். மாலை நாலு மணிக்கே வந்து, சீவாளியை உதட்டில் நனைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆறு மணிக்குக் கல்யாணியை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், காதில் ஒரு கம்பி செருகிய பையன் ஓடி வந்தான். “ஐயா, கொஞ்சம் நிறுத்திக்குங்க, சவுண்டு செக் பண்ணணும்” என்றான். பாதி பிடியில் நிறுத்தினார். அந்தப் பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் சொன்னான். நிறுத்தச் சொல்லலாம் என்று அவனுக்குத் தைரியம் கொடுத்தது சபையில் உட்கார்ந்திருந்த நாங்கள் முந்நூறு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அரை மணி நேரம் ‘ஒன், டூ, த்ரீ’ ஆலாபனை. பிறகு பாட்டு ஆரம்பித்தது. என்ன பாட்டு தெரியுமா? அதே படத்தில், கர்ப்பமாக இருக்கிற அக்காளுக்கு வளைகாப்பு நடக்கும்போது, பெண்கள் மட்டும் கூடி மைத்துனனைக் கேலி பண்ணுகிற பாட்டு. லதா மங்கேஷ்கர் அதை அமிர்தமாகப் பாடியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் இங்கே இன்னும் தாலியே ஏறவில்லை! மாப்பிள்ளை அழைப்பில் வளைகாப்புப் பாட்டு! சபையில் பாட்டிமார் தாளம் போட்டார்கள். அர்த்தம் தெரிந்திருந்தால் எழுந்து போயிருப்பார்கள். பெண்ணின் தகப்பனார் என்னிடம் வந்து, “பசங்க ஆசைப்பட்டாங்க, எல்லாம் நல்லபடியா இருக்குதில்ல?” என்று கேட்டார். அவரிடம் என்ன சொல்ல?

இந்த ஜில்லா 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மற்ற ஜில்லாக்களோடு கொதித்தெழுந்த ஜில்லா. திணித்தால் எதிர்ப்போம், வாடகைக்கு எடுத்தால் ஆடுவோம் என்று ஒரு கொள்கை நமக்கு இருக்கிறது போலும். இதைச் சொன்னவுடன் ஒரு சாரார் கை தட்டுவார்கள். அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ஒரு தமிழ் சினிமாப் பாட்டை அதே பெட்டியில் அதே சத்தத்தில் போட்டால் காரியம் சரியாகிவிடுமா? நாயனக்காரர் அப்போதும் ஜமக்காளத்தில்தான் உட்கார்ந்திருப்பார். சினிமா நாயனத்துக்குச் சத்துரு அல்ல. 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலமும் ஜானகியும் போட்டி போட்டதும், 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததும் சினிமாதான். அதைப் பார்த்துவிட்டு நாயனத்தைக் காதலித்தவர்கள் உண்டு. நாயனக்காரரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

ஏனென்றால் நம் பெரிய வீடுகள் அந்தக் காலத்தில் நடத்திய லட்சணமும் எனக்குத் தெரியும். ‘பாரம்பரியம் போச்சே’ என்று இன்று மூக்கைச் சிந்துகிறவர்களின் தாத்தாக்கள் நாயனக்காரரைச் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வைத்து வாசிக்கச் சொன்னவர்கள். கடைசிப் பந்தியில் சோறு போட்டவர்கள். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, ஷெர்வானி போட்டு, மேடை போடச் சொல்லி உட்கார்ந்து வாசித்தபோது திமிர் என்றார்கள். 1947இல் சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு அவரைத் தில்லி கூப்பிட்டு வாசிக்கச் சொன்ன பிறகுதான் சிலருக்குத் தொண்டை அடைத்தது. வயலில் சம்பா நடவுக்கு இறங்கி, குலவையிட்டுப் பாடிய பெண்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் இருந்த பாட்டு எந்தக் கல்யாணக் கூடத்திலும் இல்லை. அந்தப் பெண்கள் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொல்லைப் புறமாக வந்து கொல்லைப் புறமாகப் போனார்கள். இப்போது நடவுக்கு யந்திரம் வந்துவிட்டது, பாட்டும் கரை ஏறிவிட்டது. ஆகவே பழைய காலத்தைத் திருப்பிக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. பழைய காலம் வந்தால் முதலில் எழுந்து ஓடுகிறவன் நானாக இருப்பேன்.

நான் கேட்பது வேறு. இதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். சம்பந்தி கேலி என்று நம் கல்யாணத்தில் ஒன்று இருந்தது. நலங்கு வைக்கும்போது, பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரைப் பெயர் சொல்லிப் பாடுவார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காப்பி ஆறிவிட்டதாம், அத்தைக்கு லட்டு எண்ணிப் பார்த்தும் தீரவில்லையாம், மாமனாரின் வழுக்கையில் விளக்கு வைக்கலாமாம் என்கிற தினுசு. கவிதை நயம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று நாளும் பெண் வீட்டார் கை கட்டி நிற்கிறார்கள். சீர் குறைந்தது, ஜமக்காளம் பழசு, அப்பளம் நமத்துப் போச்சு என்று வாங்கிக் கட்டிக் கொள்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம், அந்தப் பாட்டில் மட்டும், அவர்களுக்கு நாக்கு உண்டு. சொல்ல முடியாததை ராகத்தில் போட்டுச் சொல்லலாம். சம்பந்தியம்மாள் கோபித்துக்கொள்ளவும் முடியாது, சிரிக்காமல் இருக்கவும் முடியாது. சட்டம் கொடுக்காத ஒரு சலுகையை நம் பெண்கள் பாட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

வடக்கிலும் இது உண்டு. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அதற்குப் பெயரே ‘காலி’. வசவு என்று அர்த்தம். பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்கக் கூசும்படியாகப் பாடுவார்களாம். பம்பாய்க்காரர்கள் அந்த மிளகாயை எடுத்துச் சர்க்கரைப் பாகில் முக்கி, குடும்பத்தோடு பார்க்கும்படி படத்தில் வைத்தார்கள். போகட்டும். சர்க்கரை போட்டாலும் அவர்களுக்கு அதில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று புரியும். நம் மண்டபத்தில் அது ஒலிக்கும்போது யாருக்குப் புரிகிறது? யாரை யார் கேலி செய்வது? கேலிக்கு ஆளான சம்பந்தியும் ஆடுகிறாள், கேலி செய்ய வேண்டியவளும் ஆடுகிறாள். விடிந்ததும் பெண் வீட்டார் மறுபடி கை கட்டி நிற்கிறார்கள். நடுவில் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம் பறிபோய்விட்டது. எட்டாயிரமோ பத்தாயிரமோ வாடகை கொடுத்து நம் வீட்டுப் பெண்களின் வாயை நாமே அடைத்துக்கொண்டோம்.

அந்த அரசலாற்றங்கரைக் கல்யாணத்தில் பெண்ணுக்கு ஒரு அத்தை இருந்தாள். வயசு 74. கையில் அட்டை கிழிந்த ஒரு நோட்டு. பாட்டுப் பெட்டிக்காரர்கள் சாப்பிடப் போன இருபது நிமிஷத்தில், யாரும் கேட்காமலே, ஒரு தூணோரம் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டாள். சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான். என்னையும் இரண்டு குழந்தைகளையும் தவிரச் சபை கிடையாது. அப்போது மாப்பிள்ளையின் தாயார் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார்.

“யாரைப் பாடுறீங்க?” என்று கேட்டார்.

“உங்களைத்தான்” என்றாள் அத்தை, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, “முதல்லேருந்து பாடுங்க” என்றார். நாயனக்காரர் ஜமக்காளத்திலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, மெல்ல ஒத்து கொடுத்தார். இருபது நிமிஷம் முடிந்ததும் பெட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

ஆவணியிலும் தையிலும் கல்யாணம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெட்டி வேண்டாம் என்று சொன்னால் உங்கள் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள், எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து எட்டு வரை நாயனக்காரருக்குக் கொடுங்கள், மேடையில் கொடுங்கள். பெட்டிக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அவருக்கும் கொடுங்கள். பத்திரிகையில் சமையல்காரர் விலாசம் போடுகிறீர்கள், வீடியோக்காரர் பெயர் போடுகிறீர்கள். அவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். நலங்கின்போது பெட்டியின் கம்பியைப் பிடுங்கி வையுங்கள்.

அத்தையின் நோட்டை வாங்கி நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஊஞ்சல், நலங்கு, சம்பந்தி கேலி எல்லாம் அதில் இருக்கின்றன. வேண்டுமென்கிறவர்கள் எழுதினால் தபாலில் அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது. கேலிப் பாட்டுகளில் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் அத்தை ஒரு கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறாள். அவரவர் சம்பந்தியின் பெயரை அவரவர் நிரப்பிக்கொள்ளலாம்.